ஒரே கண்ணாடியில் இரண்டு துண்டு

சம்பந்தி வீட்டிலிருந்து எனக்குத் தொலைபேசி வருவது வழக்கமில்லை. என் தம்பி மகளை அந்த வீட்டுக்குக் கொடுத்து ஆறு வருடமாகிறது. இந்த ஆறு வருடத்தில் நான் அங்கே போனது மூன்று தடவை. மூன்றும் அவர்கள் கூப்பிட்டுப் போனது. கூப்பிடாத வீட்டு வாசலில் எங்கள் குடும்பத்தில் யாரும் போய் நின்றதில்லை. தம்பி போனபின் அவளுக்குத் தகப்பன் இடத்தில் நான்தான் இருக்கிறேன். அதனால்தான் அந்தப் புதன்கிழமை சம்பந்தியின் குரலைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"ஒரு நடை வந்துட்டுப் போகணும் சம்பந்தி. போன்ல சொல்ற விஷயம் இல்ல."

"பொண்ணு நல்லா இருக்காளா?"

"அவ நல்லாத்தான் இருக்கா. நாங்கதான் தலைகுனிஞ்சு நிக்கிறோம்."

அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் தூறல். சட்டைக் காலர் நனையாமல் இருக்கக் குடையைப் பின்பக்கம் சாய்த்துப் பிடித்தபடி அந்த வீட்டு இரும்புப் படிகளில் ஏறியபோது மணி ஒன்பது.

சம்பந்தி நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பேசும்போது இன்னமும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் தாளை ஏற்றுவது போல ஒரு இடைவெளி விடுவார். அவருடைய மகள், அதாவது எங்கள் பெண்ணுக்கு நாத்தனார், சோபாவின் ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் பெண்ணின் கணவர் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். என்னைப் பார்த்ததும் எழுந்து குடையை வாங்கி வைத்துவிட்டு, "எனக்கு இன்னிக்கு நாலு தெரு இருக்கு பெரியப்பா" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். யார் பக்கமும் நிற்காமல் இருக்க அவருக்குத் தெரிந்த வழி அது.

டீ வந்தது. நான் தொடவில்லை.

"விஷயத்தை முதல்ல சொல்லுங்க."

சம்பந்தி சொன்னார். இரண்டு மாதமாகச் சம்பந்தியம்மாவுக்கு நெற்றிப்பொட்டில் வலி. தலைவாரினால் வலிக்கும், மென்று தின்றால் தாடை வலிக்கும். ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வலது கண்ணில் யாரோ திரையை இழுத்துவிட்டது போல இருண்டு, சில நிமிடம் கழித்துத் திரும்ப வந்தது. கண் மருத்துவர் பார்த்துவிட்டு, பொட்டில் ஓடும் தமனி, ஆர்ட்டரி என்கிறார்களே அது, வீங்கியிருக்கலாம், அப்படியே விட்டால் கண்ணுக்குப் போகும் ரத்தம் நின்று பார்வை ஒரேயடியாகப் போய்விடும் என்று சொல்லி அன்றைக்கே கடுமையான மாத்திரையைத் தொடங்கிவிட்டார். ஆனால் அந்த மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும். சம்பந்தியம்மாவுக்குச் சர்க்கரை வேறு. மாத்திரையால் அது கன்னாபின்னாவென்று ஏறியது. நோய் உண்டா இல்லையா என்று நிச்சயமாகத் தெரிந்தால்தான் தொடரலாம், இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும் என்றார். நிச்சயம் தெரிய, பொட்டிலிருந்து அந்தத் தமனியில் ஓர் அங்குலம் வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டும்.

"வெளி ஆள் எதுக்குன்னு நம்ம டாக்டர் மாப்பிள்ளையே எடுத்தார்" என்றார் சம்பந்தி. அவர் மகளைக் கட்டியவர் அந்த மருத்துவமனையிலேயே அறுவை மருத்துவர். "துண்டு உங்க பொண்ணு வேலை பாக்குற லேபுக்குத்தான் போச்சு. அவ வேலை அதை வெட்டிக் கண்ணாடியில ஏத்திச் சாயம் போட்டு, டாக்டரம்மா பாக்குறதுக்குத் தட்டுல வைக்கிறது. படிச்சுப் பார்த்து எழுதுறது செவ்வாயும் வெள்ளியும் வர்ற டாக்டரம்மா. அப்படித்தானே?"

"ஆமா."

"இவ என்ன பண்ணியிருக்கா, யாரும் கேக்காத ஒரு கறுப்புச் சாயத்தைத் தானாப் போட்டிருக்கா. போட்டுட்டு, ‘இது ஆர்ட்டரி இல்லை, வெயின் போலத் தெரிகிறது’ன்னு சீட்டு எழுதி ஒட்டியிருக்கா."

நாத்தனார் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "பன்னண்டு வருஷம் கத்தி பிடிச்சவருக்கு ஆர்ட்டரி எது, வெயின் எதுன்னு தெரியாதாம். இவ சொல்லித் தரணுமாம். நாளைக்கு டாக்டரம்மா அந்தச் சீட்டைப் படிச்சா ஆஸ்பத்திரி பூரா சிரிக்கும். எங்க அம்மா தலையிலயே மாத்தி வெட்டிட்டார்னு சொல்ல மாட்டாங்க?"

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

"அந்தச் சாயத்தைக் கொஞ்சம் அதிகமாக் கழுவினா ஆர்ட்டரிகூட வெயின் மாதிரிதான் தெரியுமாம். கையில சரியா வராததைத் தட்டுல வைக்க வேண்டாம், எடுத்துடுன்னு சொன்னார். மாட்டேன்னுட்டா."

"நீங்க சொன்னாக் கேப்பா" என்றார் சம்பந்தி. "அந்தச் சீட்டை எடுத்துட்டு, மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லிட்டாப் போதும்."

உள் அறையிலிருந்து குரல் வந்தது. "அண்ணா வந்திருக்காரா? இங்க வரச் சொல்லுங்க. என் மண்டையை வெச்சுப் பஞ்சாயத்து, என்னைத் தவிர எல்லாரும் பேசுறாங்க."

சம்பந்தியம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். வலப்பக்கப் பொட்டில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. மடியில் ஒரு தட்டு நிறையப் பட்டாணி, அதை உரித்துக்கொண்டிருந்தார்.

"டீ குடிச்சீங்களா?"

"விஷயம் தீரட்டும், குடிக்கிறேன்."

"அப்ப அது ஆறத்தான் போகுது." ஒரு காயை நசுக்கி மணிகளை உதிர்த்தார். "இங்க பாருங்கண்ணா, மாப்பிள்ளை ஜெயிச்சாலும் சரி, மருமக ஜெயிச்சாலும் சரி. எனக்குக் கண்ணு வேணும். நாளைக்கு அந்தம்மா ‘ஆர்ட்டரியில ஒண்ணும் இல்ல’ன்னு எழுதிட்டா மாத்திரையை நிறுத்திடுவாங்க. அது ஆர்ட்டரியே இல்லேன்னா? அந்தத் திரை மறுபடி விழுந்தா எழும்புமான்னு யாருக்குத் தெரியும்?"

அந்த வீட்டில் விஷயத்தின் நடுப்புள்ளியைத் தொட்டுப் பேசியவர் அவர் ஒருத்தர்தான். நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

லேப், மருத்துவமனையின் பின்பக்கம், துணி வெளுக்கும் அறைக்கு அடுத்தது. கதவைத் திறந்ததும் பெட்ரோல் பங்க்கில் நிற்பது போல ஒரு வாடை. நீளமான கல் மேடையில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு நிறம். ஜன்னலோரம் நுண்ணோக்கி. பாப்பா, தம்பி மகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், கையுறையோடு திரும்பிப் பார்த்தாள்.

"உங்களையே வரவெச்சுட்டாங்களா? மன்னிப்புக் கேக்க வைக்கத்தானே?"

"கேக்க வேண்டியது இருந்தா கேக்கணும். இருக்கா?"

"இல்ல பெரியப்பா."

"அப்ப எனக்குப் புரியுற மாதிரி சொல்லு. நான் நிலம் அளந்தவன். டாக்டர் இல்ல."

அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். "எல்லாத் துண்டுக்கும் முதல்ல ஒரு ரோஸ் சாயம் போடுவோம். அதுல ரத்தக்குழாயோட வடிவம் தெரியும். ஆர்ட்டரி ரத்தத்தைக் கொண்டுவர்ற குழாய், வெயின் திரும்பக் கொண்டுபோறது. ஆனா அத்தை வயசுல வெயினும் தடிச்சிருக்கும். ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும், சட்டுனு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆர்ட்டரிக்கு உள்சுவர்ல மட்டும் ரப்பர் மாதிரி ஒரு வளையம் உண்டு. ரத்தம் அடிச்சு அடிச்சு வருதில்ல, அதுக்கு விரிஞ்சு சுருங்கணும். அந்த வளையத்தைக் கறுப்பாக் காட்டுற சாயம் இது. ரோஸ்ல பார்த்தப்பவே எனக்கு மனசு ஒப்பல. அதான் இதைப் போட்டேன். வளையம் இல்ல."

"அதிகமாக் கழுவினா வளையம் போயிடும்னு சொல்றாங்களே, அது நிசமா?"

"நிசம்தான். முதல்ல துண்டு மொத்தமும் கறுப்பாகும். அப்புறம் இரும்பு மருந்து கரைச்ச தண்ணியில முக்கி முக்கித் தேவையில்லாத கறுப்பை எடுக்கணும். சட்டை துவைக்கிற மாதிரி. அழுக்கு போகணும், சாயம் போகக் கூடாது. கொஞ்சம் விட்டா வளையமும் சேர்ந்து போயிடும்."

நான் முப்பத்து மூன்று வருடம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவன். வெயிலிலும் இழுப்பிலும் சங்கிலி நீண்டுவிடும். தகராறுள்ள நிலத்துக்குப் போகுமுன் அலுவலகத்துத் தரையில் அடித்துவைத்த இரண்டு பித்தளைக் குறிகளுக்கு நடுவே அதை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவேன். பார்க்காமல் போனவன் அளந்ததை நான் கையெழுத்திட்டதில்லை.

"உன் சங்கிலி சரியா இருக்குன்னு பார்த்துக்கிட்டியா?" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் புரிந்தது.

"பக்கத்துல தெரிஞ்ச ஆர்ட்டரி ஒண்ணு வெச்சுப் போடணும் பெரியப்பா. அதுல வளையம் கறுப்பா நின்னாத்தான் கழுவினது சரின்னு அர்த்தம். அதுக்குன்னு வெச்சிருந்த மெழுகுக் கட்டை தீர்ந்துபோச்சு. அவசரம்னு அது இல்லாமப் போட்டுட்டேன்."

"வேற?"

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதை எழுந்து இறுக்கிவிட்டு வந்தாள்.

"வேற என்ன, பாப்பா?"

"இரும்புத் தண்ணியில இருக்கும்போது போன் வந்துச்சு. அத்தை. வீட்டுல தனியா இருந்தாங்க, கண்ணுதான் போச்சோன்னு பதறி எடுத்தேன். உப்பு டப்பா எங்கன்னு கேட்டாங்க."

"எவ்வளவு நேரம்?"

"அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷத்துல நான் முக்கிட்டே இருந்தேனா, வெளிய எடுத்தேனான்னு சத்தியமா ஞாபகம் இல்ல."

"இதை ஏன் அங்க யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா, மாமியார் மேலயே பழி போடுறான்னு ஆகும். அவங்களுக்கே கண்ணு போகப் போகுதேன்னு நான் செத்துட்டிருக்கேன், இதுல..."

எனக்குக் கோபம் வந்தது. சம்பந்தி வீட்டு மேல் அல்ல, இவள் மேல்தான். "தெரியாததைத் தெரியும்னு சொன்ன ஆள் நம்ம வீட்டுல கிடையாது. சந்தேகம் உனக்குள்ள இருக்கும்போது அடுத்தவன் சந்தேகப்பட்டா உனக்கு ரோஷம் எப்படி வரும்? இப்பவே மறுபடி போடு. வளையம் தெரிஞ்சா, அத்தனை பேர் முன்னாடியும் ‘என் தப்பு’ன்னு நீ சொல்லணும். நான் உன் பக்கத்துல நிப்பேன். தெரியலேன்னா அந்தச் சீட்டை யார் சொன்னாலும் எடுக்கக் கூடாது."

"தெரிஞ்ச ஆர்ட்டரிக்கு எங்க போறது?"

"உன் இடம். நீதான் தேடணும்."

மூன்று அலமாரி தேடினாள். நான்காவதில் பழைய மெழுகுக் கட்டைகள், சோப்புக் கட்டி போலச் சின்னச் சின்னதாக, எண்ணிட்டு அடுக்கியிருந்தன. போன வருடம் சர்க்கரை நோயில் எடுக்க வேண்டிவந்த ஒரு காலிலிருந்து வைத்த தமனி அதில் கிடைத்தது. அதையும் சம்பந்தியம்மாவின் துண்டு இருந்த கட்டையையும் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டும் இயந்திரத்தில் பூட்டினாள். கைப்பிடியை ஒரே சீராகச் சுற்றினாள். மெழுகு நாடாவாக வந்தது, வெங்காயத் தோலைவிட மெலிசாக. மூச்சை அடக்கிக்கொண்டு தூரிகை நுனியால் தூக்கி வெந்நீரில் மிதக்கவிட்டாள். சுருக்கம் நீங்கி விரிந்ததும் ஒரே கண்ணாடியில் இடப்பக்கம் தெரிந்த தமனி, வலப்பக்கம் சம்பந்தியம்மாவின் துண்டு என்று ஏந்தி எடுத்தாள். சூடு காட்டிக் காயவைத்தாள். கறுப்புச் சாயத்தையும் புதிதாகக் கலந்தாள். நேற்றுக் கலந்தது இன்றைக்கு ஆகாதாம்.

"இனி ஒரு மணி நேரம் இது ஊறணும். சாப்பிடலாம் வாங்க."

வெளி வராந்தாவில் அவள் டப்பாவைத் திறந்தாள். ரொட்டியும் அவித்த முட்டையும். விஷயம் தீரும்வரை சம்பந்தி வீட்டில் வாயில் எதுவும் வைப்பதில்லை என்று இருந்தேனே தவிர, இது எங்கள் பெண்ணின் டப்பா. பசி வேறு. பாதி முட்டை உள்ளே போனபிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்:

"அத்தை செஞ்சது பெரியப்பா. படுங்கன்னா கேக்கிறதில்ல."

மீதிப் பாதியை என்ன செய்வது? தின்றேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

மணியானதும் தன் தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். "பையில வெச்சுக்கங்க. யார் கூப்பிட்டாலும் எடுக்காதீங்க."

கண்ணாடி கரிக்கட்டையாக வெளியே வந்தது. இடமும் வலமும் ஒரே கறுப்பு. இரும்புத் தண்ணீரில் முக்கினாள், உதடு அசையாமல் எண்ணினாள், எடுத்து நீரில் அலசி ஈரத்தோடு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். மறுபடி முக்கினாள். என் சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன்: "அத்தை". யாருடைய அழைப்பையும் எடுக்காமல் விட்டுப் பழக்கமில்லாத நான், அது அதிர்ந்து ஓயும்வரை கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை பார்த்துவிட்டு, "போதும்" என்றாள்.

"இன்னும் கறுப்பு இருக்கே?"

"அடுத்துப் போடுற சிவப்பு மஞ்சள் சாயமும் கொஞ்சம் கறுப்பைத் திங்கும். அதுக்கு ஒரு பங்கு விட்டுவைக்கணும்."

எல்லாம் முடிந்து மேலே மெல்லிய கண்ணாடி ஒட்டியதும், வீட்டுக்குத் திரும்பக் கூப்பிட்டாள். சம்பந்தியம்மாவின் கண்ணுக்கு ஒன்றுமில்லை. நான் மதியம் சாப்பிட்டேனா என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம். பிறகு முதலில் என்னைப் பார்க்கச் சொன்னாள். ஒரு கண்ணை மூடிக் குனிந்தேன். இடப்பக்கத் துண்டில், சிவப்பும் மஞ்சளுமான சுவருக்கு உள்ளோரம், கசக்கிப் பிரித்த கறுப்பு நூல் போல ஒரு வளையம், நெளிந்து நெளிந்து ஒரு சுற்று முழுசாக வந்தது. பிறகு அவள் கண்ணாடியைத் தள்ளி வலப்பக்கத் துண்டைக் கொண்டுவந்தாள். சிவப்பு உண்டு, மஞ்சள் உண்டு. அங்கங்கே மயிரிழை மாதிரி கறுப்புச் சிதறல். வளையம் இல்லை. சுற்றிச் சுற்றித் தேடினேன். இல்லை.

"இப்ப சொல்லு" என்றேன்.

"வெயின்."

"சந்தேகம்?"

"இல்ல."

"டாக்டர் மாப்பிள்ளையைக் கூப்பிடு."

நான்கு மணிக்கு அறுவை அறையிலிருந்து பச்சை உடுப்போடே அவர் வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். "வாங்க பெரியப்பா. இது வீட்டுல பேச வேண்டிய விஷயம்."

"வீட்டுல பேசியாச்சு. இங்க பாக்க வேண்டியதைப் பாருங்க."

உட்கார்ந்து பார்த்தார். வலப்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். தலையை நிமிர்த்தாமலே, "இதைத்தான் சொன்னேன். ஓவரா வாஷ் ஆயிருக்கு" என்றார்.

"இடப்பக்கம் பாருங்கண்ணா" என்றாள் பாப்பா. "அது தெரிஞ்ச ஆர்ட்டரி. ஒரே கண்ணாடி. ஒரே தண்ணி. ஒரே நேரம்."

அவர் கை திருகைச் சுற்றியது. துணி வெளுக்கும் இயந்திரம் அடுத்த அறையில் உருண்டுகொண்டிருந்தது.

"சரி. ஆனா இந்த நோயே வளையத்தை உடைக்கிற நோய்தானே? உடைஞ்சுபோனதால தெரியலேன்னு ஏன் இருக்கக் கூடாது?"

நல்ல கேள்வி. நான் பாப்பாவைப் பார்த்தேன். அவள் அதற்காகக் காத்திருந்தவள் போல இருந்தாள்.

"வளையல் உடைஞ்சா துண்டாவது கீழ கிடக்கணுமில்லண்ணா? இங்க ஒரு துண்டு இல்ல. வீக்கத்துக்கு வந்து குவியுற செல்லும் இல்ல. சுவர் அது பாட்டுக்கு நிம்மதியா இருக்கு. நோய் இருந்த இடம் மாதிரியா இருக்கு?"

அவர் மறுபடி குனிந்தார். வலம், இடம், வலம். பிறகு முக்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். நெற்றியில் தொப்பி பதிந்த தடம் சிவப்பாக இருந்தது.

"அத்தைக்கு அன்னிக்கு ரத்தம் நிக்கல. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. எங்க அத்தைன்னு ஒரு பயம் வேற." சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தானே வெட்டினார். "வெயின்தான்."

மேடையில் இருந்த பேனாவை எடுத்தார். பாப்பாவின் சீட்டில், அவள் எழுதியிருந்த வரிக்குக் கீழே, ‘ஒப்புக்கொள்கிறேன். மறுபக்கம் எடுக்கப்படும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். நான் எழுந்து நின்றேன். என்னைவிட முப்பது வயது இளையவர். ஆனாலும் அந்த நேரத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அன்று மாலை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது டாக்டர் மாப்பிள்ளையே பேச்சை எடுத்தார். "அத்தை, நான் எடுத்தது ஆர்ட்டரி இல்ல, வெயின். தப்பு என்னோடது."

"நீங்க எதுக்கு இப்படி எல்லார் முன்னாடியும்..." என்று ஆரம்பித்த மனைவியை அவர் கைகாட்டி நிறுத்தினார்.

சம்பந்தியம்மா பஞ்சு ஒட்டிய பொட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு முகத்தைத் திருப்பி இடப்பக்கத்தைக் காட்டினார். "இந்தப் பக்கம் ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு அத்தை."

"இந்தத் தடவை சரியாப் பிடிங்க மாப்பிள்ளை. எனக்கு மூணாவது பக்கம் கிடையாது."

முதலில் சிரித்தது டாக்டர் மாப்பிள்ளைதான். பாப்பா சிரிக்கவில்லை. முன்னே வந்து நின்றாள். "என்கிட்டயும் ஒரு தப்பு இருக்கு அத்தை. முதல் தடவை கழுவும்போது உங்க போனை எடுத்தேன். சரியாக் கழுவினேனான்னு எனக்கே தெரியாம இருந்துச்சு. அதை மறைச்சுட்டுத்தான் அண்ணாகிட்ட வாதாடினேன்."

"எந்தப் போன்? உப்பு டப்பாவா?" சம்பந்தியம்மா கொஞ்சம் யோசித்தார். "அது அப்புறம் அடுப்புக்குப் பின்னாடியே இருந்துச்சு."

நான் சம்பந்தியின் பக்கம் திரும்பினேன். "தலைகுனிஞ்சு நிக்கிறோம்னு ஒரு வார்த்தை சொன்னீங்க."

அவர் வழக்கமான இடைவெளியை விட்டார். இந்த முறை அது சற்று நீளம். "அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கிறேன் சம்பந்தி."

"அப்ப டீ குடிக்கலாம்" என்றேன். காலையில் வைத்ததையே சுடவைத்துக் கொண்டுவந்தது நாத்தனார். ஒரு வார்த்தையும் பேசாமல்தான் கொடுத்தாள். நானும் ஒரு வார்த்தையும் பேசாமல்தான் வாங்கினேன். அதற்கு மேல் அன்றைக்கு யாரும் யாரிடமும் எதிர்பார்க்க முடியாது.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா பார்த்து, சீட்டில் இருந்ததையே அறிக்கையாக எழுதினார். மாத்திரை நிற்கவில்லை. சனிக்கிழமை காலை டாக்டர் மாப்பிள்ளை இடப்பக்கத்தில் எடுத்தார். நான் ஊர் திரும்பவில்லை. இருந்துவிட்டுப் போகும்படி சம்பந்தியம்மா சொன்னார், அது அழைப்புதான்.

திங்கள் மதியம் மூன்று மணி. மழை விட்டு வெயில் அடித்தது. சம்பந்தி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பொறுக்காமல் பாப்பாவின் எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்க மாட்டேங்குறா. என்ன ஆச்சோ." மறுபடி அழுத்தப் போனார்.

இரண்டு பொட்டிலும் பஞ்சு ஒட்டியிருந்த சம்பந்தியம்மா கட்டிலிலிருந்து கையை நீட்டித் தொலைபேசியை வாங்கித் தன் மடியில் கவிழ்த்து வைத்தார்.

"சும்மா இருங்க. அவ கையில கண்ணாடி இருக்கும். இப்ப எடுக்கக் கூடாது."

இருபது நிமிடம் போனது. தொலைபேசி அடித்ததும் சம்பந்தியம்மாவே எடுத்து, எங்களுக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அத்தை, ஆர்ட்டரிதான். வளையம் இருக்கு. ரெண்டு இடத்துல உடைஞ்சு துண்டு துண்டாக் கிடக்கு. பக்கத்துல வெச்ச தெரிஞ்ச ஆர்ட்டரியில முழுசா நிக்குது."

"அப்ப நோய் இருக்கு."

"இருக்கு அத்தை. நாளைக்கு டாக்டரம்மா பார்த்து எழுதுவாங்க. இனி மாத்திரையை யாரும் நிறுத்த மாட்டாங்க."

சம்பந்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சம்பந்தியம்மா தலைமாட்டில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அதிலிருந்த சின்ன எழுத்தை முதலில் வலக்கண்ணாலும் பிறகு இடக்கண்ணாலும் படித்துப் பார்த்தார்.

"வேலை முடிஞ்சுதா? இப்பப் பேசலாமா?"

"பேசலாம் அத்தை."

"வரும்போது உப்பு வாங்கிட்டு வா. தீர்ந்துபோச்சு."